கதவு தெரிந்த கூண்டு

2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. கொல்கத்தாவில் ஹவுரா பாலத்துக்கு அருகே, மஞ்சளும் சிவப்புமாய் உடுத்திய மேஜிக் கலைஞர் சஞ்சல் லாஹிரியைக் கைகால் கட்டிப் பூட்டி, படகிலிருந்து ஹூக்ளி ஆற்றுக்குள் இறக்கினார்கள். 'ஜாதுகர் மாண்ட்ரேக்' என்றால் அவரை அங்கே தெரியும். கட்டவிழ்த்து நீந்தி வருவார் என்பதுதான் ஏற்பாடு. மறுநாள் உடல்தான் கிடைத்தது.

அதே ஆற்றில் 2013-லும் அவர் வித்தை காட்டியிருந்தார். பூட்டிய கூண்டிலிருந்து தப்பியவர், அதிலிருந்த கதவு வழியாகத்தான் வெளியேறினார் என்று சொல்லிக் கூட்டம் அவரை அடித்தது.

ஏமாந்தவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் மேஜிக் பார்க்கப் போகிறவர் ஏமாறத்தானே போகிறார்?

சினிமாவில் இப்படி ஏமாற்றுவது இன்னும் எளிது. தப்பிக்கும் வித்தையின் மன்னர் ஹாரி ஹூடினி நடித்த 'தி கிரிம் கேம்' 1919-இல் வெளியானது. படப்பிடிப்பில், ஒருவர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, இரண்டு விமானங்கள் நிஜமாகவே மோதிக்கொண்டன. அந்தக் காட்சியையே படத்தில் வைத்தார்கள். தொங்கியவர் ஹூடினிதான் என்று விளம்பரம் சொன்னது. தொங்கியவரோ டூப் ராபர்ட் கென்னடி. அவர் உயிர் தப்பினார். பெயர் மட்டும் ஹூடினிக்குப் போனது.

கூண்டுக் கதவையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கதவை மறைப்பது வித்தையின் ரகசியம். அதனால் எவருக்கும் காயமில்லை. டூப்பை மறைப்பதோ, ஆபத்தைச் சுமந்தவரின் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவது.

மறைக்கவே கூடாத இடம் ஒன்றும் உண்டு. லாஹிரி காவல்துறையிடம் அனுமதி வாங்கியிருந்தார். ஆனால் வித்தை நீருக்கடியில் நடக்கும் என்று சொல்லவில்லை என்றது போலீஸ். பார்வையாளரிடம் ரகசியம் காப்பது அவர் உரிமை. காப்பாற்ற வேண்டியவரிடமும் காத்தால், ஆபத்தை அளக்க ஆளில்லாமல் போகிறது. எத்தனை நிமிடம் ஆனால் கயிற்றை இழுக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவராவது படகில் இருந்தாக வேண்டும்.

அன்று கரையில் நின்றவர்கள் சில நிமிடங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமதமும் வித்தையில் சேர்த்தியா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?