பறையின் லயம்

மரண வீட்டுக்கு மட்டும் உரியதென்றும், ஒரு ஜாதியின் இழிதொழிலென்றும் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்த பறையை, ஆண்கள் மட்டுமே கொட்டலாம் என்ற வழக்கத்தையும் சேர்த்து மீறி, 1990-இல் சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவின் தலித் யுவதிகள் தம் தோளில் ஏந்தினார்கள். அப்படி ஒதுக்கிய ஊருக்கே, கிராம தேவதையை அழைக்கவும் அதே வாத்தியம் வேண்டியிருந்தது. கொட்டிய கைகளைத்தான் சந்நிதிக்குள் விடவில்லை. என்ன அநியாயம்! தீயில் வாட்டி முறுக்கேற்றிய தோலின்மீது இடக்கையின் நீண்ட குச்சியும் வலக்கையின் குட்டைக் குச்சியும் மாறி மாறி விழ, கொட்டிக்கொண்டே அடவு வைத்து ஆடுகையில், ஒருத்தியின் தாளம் பிசகினாலும் மற்றவர் பாதங்கள் தடுமாறுமாதலால், தன் செவியை அருகிலிருப்பவளிடம் முழுவதும் ஒப்படைத்துவிடும் அந்த ஏகாக்கிரத்தைத் தியானம் என்றே நான் சொல்வேன்.