சோத்தாங்கை

எங்கள் ஊர்ப் பக்கம் குழந்தைகளுக்கு வலது, இடது என்று சொல்லிக்கொடுப்பதில்லை. சோத்தாங்கை, பீச்சாங்கை. வழி கேட்டு வருகிறவரிடம்கூட, "நேரா போயி சோத்தாங்கை பக்கம் திரும்புங்க" என்பார்கள். ஒரு கை சோற்றுக்கு, இன்னொன்று கழுவுவதற்கு. அதற்குமேல் அதில் விவாதம் கிடையாது.

நான் பீச்சாங்கைக்காரனாகப் பிறந்தேன். ஆச்சி என் இடது கையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் சோறு பிசைய வைப்பாள். ஆறு வயதுக்குள் சாப்பாட்டில் வலக்கைக்காரன் ஆகிவிட்டேன். எழுத்தில் அது நடக்கவில்லை. ஸ்கேலால் அடித்து அடித்து வாத்தியாருக்கே அலுத்துப்போய், "என்னமோ எழுதித் தொலை" என்று விட்டுவிட்டார். எழுத்துக்கு ஒரு கை, இலைக்கு ஒரு கை என்று நாற்பது வருஷம் ஓடிவிட்டது. கல்யாணத்தின்போது பெண் வீட்டாருக்குக்கூட இது தெரியாது. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டபோதுதான் சின்ன சலசலப்பு எழுந்தது.

அப்படிப் பழக்கிய கை, டோக்கியோவில் ஒரு சுஷி கடையில் என்னைக் காட்டிக்கொடுத்தது.

எனக்கு வேலை தரக்கட்டுப்பாடு. ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்றும் சொல்லலாம். ஒரு நவம்பரில் எங்களுக்கான புது அச்சு (டை) ஒன்று ஜப்பானில் தயாராகியிருந்தது. கப்பலில் ஏற்றுமுன் போய்ப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும். டோக்கியோவின் தெற்கே ஓட்டா என்ற வட்டாரம். ஹனேதா விமான நிலையமும் அங்கேதான் இருக்கிறது. வீடுகளுக்கு நடுவிலேயே சின்னச் சின்னப் பட்டறைகள். மாடியில் குடும்பம் துணி காயப்போட்டிருக்க, கீழே லேத்தில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குக் கடைந்துகொண்டிருப்பார்கள். நான்கு நாள் அங்கே மைக்ரோமீட்டரும் கையுமாக நின்றேன்.

அந்தப் பட்டறைக்கும் எங்களுக்கும் இடையில் நின்று வேலை பார்த்த ஜப்பானியர் ஒருவர், கடைசி நாள் இரவுக்கு டோக்கியோவின் கின்ஸா பகுதியில் ஒரு சுஷி கடையில் இரண்டு இடம் பதிவு செய்திருந்தார். அன்று மாலை அவர் குழந்தைக்குக் காய்ச்சல். அவரால் வரமுடியவில்லை. அந்த மாதிரிக் கடைகளில் அன்றைக்கே ரத்து செய்தால் முழுப் பணத்தையும் கேட்பார்கள். "என் இடம் போகட்டும், நீங்களாவது போங்கள்" என்றார். என் பங்கு 28,000 யென். நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். என்னுடைய சில நாள் பேட்டா. பேட்டாவை மிச்சம் பிடித்து வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போகிற பரம்பரை நாங்கள். அதை அப்படியே வாயில் போடுவது என்றால் உள்ளுக்குள் ஏதோ திருடுவது போல இருந்தது. வீட்டில் அந்நேரம் காலையில் வைத்த ரசத்தைச் சூடு பண்ணியிருப்பார்கள்.

போனேன். ஒரு கட்டடத்தின் மாடியில், பெயர்ப்பலகை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கதவு. உள்ளே மொத்தமே எட்டு நாற்காலி. வெள்ளையாக, இழைத்த மரத்தின் வாசனை போகாத ஒரு நீளப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் அறுபது வயது மதிக்கத்தக்க பெரியவர், பக்கத்தில் ஓர் இளைஞன். மெனு இல்லை. இந்த முறைக்கு ஒமகாசே என்று பெயர்; உங்களிடம் விட்டுவிட்டேன் என்று அர்த்தம். நம் கல்யாணப் பந்தியும் ஒமகாசேதான், என்ன வைக்கிறார்களோ அதைச் சாப்பிட்டு எழவேண்டியதுதான். ஆனால் அங்கே இலையில் குனிந்து ஒளிந்துகொள்ளலாம். இங்கே பரிமாறுகிறவர் இரண்டடி தூரத்தில் நின்று நம் முகத்தையே பார்க்கிறார்.

சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் சோற்றில் இருக்கிறது. வினிகர், உப்பு கலந்து, உடம்புச் சூட்டுக்கு ஆறவிட்ட சோறு. ஆரம்பத்தில் அந்தச் சோற்றை யாரும் சாப்பிடவே இல்லை என்பதுதான் வேடிக்கை. மீன் கெடாமலிருக்க உப்பிட்டுச் சோற்றுக்குள் மாதக்கணக்கில் புதைத்துவைப்பார்கள். சோறு புளித்து மீனைக் காப்பாற்றும். பிறகு சோற்றை வழித்து எறிந்துவிட்டு மீனைத் தின்பார்கள். பிவா ஏரிப் பக்கம் ஃபுனாஸுஷி என்று இன்றும் அப்படிச் செய்கிறார்கள். கையால் பிடித்த சோற்றுக்கு மேல் மீன் துண்டை வைத்து அந்த இடத்திலேயே கொடுக்கும் இன்றைய நிகிரி 1820களில், டோக்கியோ எடோவாக இருந்த காலத்தில் வந்தது. ஹனாயா யோஹெய் என்பவர் பெயரை அதற்குச் சொல்வார்கள். தெருவோரத் தள்ளுவண்டிக் கடை. கூலிக்காரர்கள் நின்றுகொண்டே இரண்டு வாய் போட்டுவிட்டு, போகும்போது கடைத் திரைச்சீலையில் கையைத் துடைத்துக்கொண்டு போவார்களாம். எந்தக் கடைத் திரை அதிகம் அழுக்கோ அந்தக் கடைதான் நல்ல கடை. நம் பாஷையில் சொன்னால் அசல் கையேந்தி பவன். ஐஸ் கிடையாது என்பதால் மீனை உப்பில், வினிகரில், சோயாவில் ஊறப்போடுவதும் அவிப்பதுமாக இருந்த வேலையெல்லாம் இன்று கின்ஸாவில் கலையாகி நிற்கிறது. சூரை மீனின் கொழுப்பு வயிற்றுப் பகுதியைப் பூனைகூடத் தாண்டிப் போகும் என்று அன்று ஒதுக்கினார்கள். 2019 ஜனவரியில் டோக்கியோவின் தொயோசு சந்தையில் 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு சூரை 33 கோடி யென்னுக்கு மேல் ஏலம் போனது.

இதெல்லாம் பின்னால் படித்தது. அன்று இரவு எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம். குச்சியால் எடுப்பதா, கையால் எடுப்பதா? பக்கத்து நாற்காலித் தம்பதியை ஓரக்கண்ணால் பார்த்தேன். கையால் எடுத்தார்கள். பெரிய நிம்மதி. கையால் சாப்பிடுவதில் எனக்கு நாற்பது வருஷ அனுபவம்.

முதலில் வெள்ளை மீன் ஒன்று வந்தது. அடுத்து கொஹாடா என்ற சின்ன வெள்ளி மீன். உப்பிலும் வினிகரிலும் அது எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதில்தான் கடைக்காரரின் கைத்திறன் தெரியும் என்பார்கள். இரண்டையும் சோத்தாங்கையால் ஒழுங்காக எடுத்தேன். மூன்றாவது, சோயாவில் ஊறிய சிவந்த சூரைத் துண்டு. எங்கள் பக்கம் சூரை என்றால் கறுத்த குழம்பு, இல்லாவிட்டால் மாசிக் கருவாடு. இப்படி ரத்தினம் போல ஒரு சூரையைப் பார்த்ததில்லை. அதை எப்போது எடுத்தேன், எந்தக் கையால் எடுத்தேன் என்றே தெரியாது. மென்றுகொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன், வலது கை தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கிறது. இடது கை விரல்களில் சோயாவின் பளபளப்பு.

தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் கை தன் இஷ்டத்துக்குப் போய்விட்டது. நிஜமாகவே கழுத்தின் பின்னால் சுள்ளென்று ஓர் அடிக்குக் காத்திருந்தேன்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. நான்காவது துண்டைப் பிடித்து வைத்தார். அதுவரை துண்டுகளை நேராக வைக்காமல், வலது விரல்கள் வந்து பிடிக்க வாகாகக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். நான்காவது துண்டு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இளைஞன் வந்து, கை துடைக்கும் ஈரத்துணியை எடுத்து என் இடப்பக்கம் வைத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த இறால், அனாகோ என்ற அவித்த விலாங்கு மீன், கடைசியில் கேக் போல இனித்த முட்டை எல்லாமே அந்தச் சாய்வில்தான் வந்தன.

அவற்றின் ருசியை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. நான் அழாமல் இருப்பதில் மும்முரமாக இருந்தேன். ஒரு சோற்றுத் துண்டு பதினைந்து பாகை திரும்பியதற்கு நாற்பத்து நாலு வயது ஆள் கண் கலங்குவானா என்றால், கலங்கினான்.

இன்னொன்றும் கவனித்தேன். பெரியவர் கையிலிருந்த நீளக் கத்தி ஒரு பக்கம் மட்டும் தீட்டியது. ஜப்பானில் மீன் கத்திகள் அப்படித்தான். வலது கைக்காகத் தீட்டியவை. இடது கைக்கு வேண்டுமானால் தனியாகச் செய்யச் சொல்லவேண்டும், விலையும் கூடுதல். நம்மை விட அவர்கள் இதில் தாராளமானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மறுநாள் காரில் விமான நிலையத்துக்கு வரும்போது, முந்தின இரவு வரமுடியாமல் போன அந்த ஜப்பானிய நண்பர் தானும் பிறவி இடக்கைதான் என்றார். குச்சியும் பேனாவும் வலதுக்கு மாற்றப்பட்டன, பந்து மட்டும் இடதிலேயே நின்றுவிட்டது. "எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் கதை இது" என்றார். பிறகு ஓ சதாஹாருவைப் பற்றிச் சொன்னார். 868 ஹோம் ரன் அடித்த பேஸ்பால் வீரர். இடக்கைப் பையன், சிறுவயதில் வலது பக்கம் நின்று அடித்துக்கொண்டிருந்தாராம். அரகாவா என்ற ஆட்டக்காரர் ஒருவர் தற்செயலாகப் பார்த்து, இடது பக்கம் நின்று அடித்துப் பாரேன் என்றிருக்கிறார்.

ஊர் திரும்பியதும், 2011இல் வந்த 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' ஆவணப்படத்தைப் பார்த்தேன். கின்ஸாவில் சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டி பத்தே நாற்காலியில் கடை நடத்திய ஓனோ ஜிரோவைப் பற்றியது. அதிலும் இதே விஷயம் வருகிறது. வந்தவர் இடக்கைக்காரர் என்று கண்டுகொண்டால் துண்டை வைக்கும் முறையை மாற்றுவார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எனக்கென்று நடந்த அற்புதம் என்று பொத்திவைத்திருந்தது அந்தத் தொழிலில் கற்றுக்கொடுக்கும் பாடம். 28,000 யென் வாங்கினால் இதைக்கூடச் செய்யமாட்டார்களா என்று மனைவியும் கேட்டாள். நியாயமான கேள்வி. காசு கொடுத்து வாங்கிய கவனிப்பு கவனிப்பாகுமா?

ஒரு வாரம் அதை அசைபோட்டேன். எனக்குக் கிடைத்த பதில் அந்தக் கடைப் பெரியவரைப் பற்றியதாக இல்லை. கவனிப்பது என் தொழிலும்தான். அதற்கு எனக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், காசும் தருகிறார்கள். ஆனால் எங்கள் ஆலையில் ஒன்றைக் கவனித்தால் அடுத்த நிமிடம் அதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டவேண்டும். அளவுக்கு வெளியே இருப்பது சிவப்புத் தொட்டிக்குப் போகும், அல்லது திருத்தத்துக்குப் போகும். பார்த்துவிட்டுப் பேசாமல், அதற்கேற்ற மாதிரி நான் நகர்ந்துகொள்வது என்று மூன்றாவதாக ஒரு வழி எனக்குப் பழக்கமே இல்லை. அந்தப் பெரியவர் பொருளைத்தான் திருப்பினார். என் கையைத் தொடவில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை சொல்லாமல் வந்துவிட்டேன். என் மகளும் இடக்கைக்காரி. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். டோக்கியோ போவதற்கு ஒரு மாதம் முன்னால் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், சாம்பார் ஊற்றியதும் இடது கையை இலையில் வைத்தாள். எதிர் வரிசையில் பெரியம்மா பார்த்தாள், பெரியம்மாவுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவளும் பார்த்தாள். என் கை தானாக நீண்டு குழந்தையின் கையில் ஒன்று வைத்தது. பலமாக இல்லை. ஆச்சி வைத்த அளவுக்குத்தான். அவள் அந்தக் கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். வலது கையால் அப்பளத்தை மட்டும் நொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு, பாயசம் வருமுன் எழுந்துவிட்டாள். எனக்கு என்ன நடந்தது என்று எனக்கே நன்றாகத் தெரியும், இருந்தும் நடந்தது.

ஆச்சிமேல் பழி போடவும் மனம் வரவில்லை. சோப்பு இல்லாத, ஒரே பானையில் பலர் கைவிட்ட காலத்தில், வாய்க்கு ஒரு கை கழுவ ஒரு கை என்று பிரித்தது அறிவுள்ள ஏற்பாடுதான். இடக்கைக்காரர் இரண்டையும் அப்படியே மாற்றிக்கொண்டால் போயிற்று என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஒரு வாரம் முடிந்த பிறகு ஓர் இரவு வீட்டில் தோசை. மகள் கூடத்தில் உட்கார்ந்து, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு இடது கையால் பிய்த்தாள். வழக்கம்போலத் தண்ணீர் டம்ளர் அவளுடைய இடப்பக்கம் இருந்தது. சாப்பிடும் கை எச்சில், எடுக்கும் கை சுத்தம் என்ற கணக்கில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அங்கேதான் வைப்போம். நான் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எடுத்து அவளுக்கு வலப்பக்கம் வைத்தேன். அவள் பார்க்கவில்லை, டிவியில் இருந்தாள்.

என் அம்மா அடுத்த தோசையோடு வந்தாள். தட்டில் போட்டுவிட்டு, டம்ளரைப் பார்த்தாள். "தண்ணிய எங்க வச்சிருக்கு பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதை இடப்பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள்.

நான் திரும்ப நகர்த்தினேன்.

அம்மா சட்னியோடு வந்தாள்.