விரிசலின் முனை

இரும்பைச் சூடாக்கினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், அதன் பிறகுதான் உருகும். எப்போது கையை நிறுத்த வேண்டும் என்பதைத் தன் நிறத்தாலேயே சொல்லிவிடும். அலுமினியத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. 660 டிகிரி செல்சியஸில் உருகுகிற அது, உருகும் நொடிவரை அதே வெள்ளை நிறத்தில்தான் இருக்கும். தீயைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டிவிட்டால், அடைக்க வந்த இடமே பொத்துக்கொண்டு கீழே விழும்.

திருமங்கலத்துக்குக் கடல் கிடையாது, படகும் கிடையாது. ஆனால் கன்னியாகுமரி சாலையும் கொல்லம் சாலையும் பிரிகிற ஊர், பக்கத்தில் கப்பலூர் தொழிற்பேட்டை, பட்டறைகளுக்குக் குறைவில்லை. லாரி டேங்க், பஸ் பாடித் தகடு, பால் கேன் என்று அலுமினியம் ஏதாவது ஓர் உருவத்தில் பழுதுக்கு வந்துகொண்டே இருக்கும். கடலோரக் காவல் படைக்கு எல் அண்ட் டி நிறுவனம் கட்டிக்கொடுத்த 54 ரோந்துப் படகுகளின் உடலும் அலுமினியக் கலவைதான். பாத்திரமோ படகோ, விரிசல் ஓடும் விதமும் அதைப் பிடித்து நிறுத்தும் வழியும் ஒன்றேதான்.

அந்த வழியை ஆர்கான் வெல்டிங் பட்டறை ஒன்றில் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வந்த பெரிய அண்டா. அடி வளைவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். வெல்டர் உடனே டார்ச்சை எடுக்கவில்லை. உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவினார், வெளிப்பக்கம் சாக்பீஸ் பொடியைப் பூசினார். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று ஊறி வந்தது. கண்ணுக்குத் தெரிந்த கீறலைத் தாண்டி அது இன்னும் அரை விரல் நீளம் போயிருந்தது. கோடு முடிந்த இடத்தில் டிரில்லிங் மெஷினை வைத்துச் சின்னதாக ஒரு துளை போட்டார்.

“இந்த ஓட்டையப் போடாம அடைச்சா, நான் அடைச்ச எடத்தத் தாண்டி மறுபடி ஓடும்ணே” என்றார்.

கூரான முனையில் விசை முழுக்கக் குவிகிறது. வட்டமான துளை அதைச் சுற்றிலும் பரப்பிவிடுகிறது. படகின் அடித்தகட்டிலும் இதையேதான் செய்கிறார்கள். துளை போட்ட பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். அலுமினியத்தின் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு படலம் 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதை அகற்றாமல் வைத்த பற்று ஒட்டியதுபோலத் தெரியும், ஒட்டியிருக்காது. தேய்த்துக் கழுவிய வேலையோடு ஒப்பிட்டால் பற்றவைத்த நேரம் மிகக் குறைவு.

விரிசல் வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு பெரிய அடியாக இருக்க வேண்டியதில்லை. எஃகுக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை சுமை ஏற்றி இறக்கினாலும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்னச் சின்ன அசைவும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். உலகின் முதல் ஜெட் பயணி விமான ரகமான காமெட்டில் ஒன்று 1954 ஜனவரியிலும், இன்னொன்று ஏப்ரலிலும் நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. காரணம் தேடிய பிரிட்டிஷ் பொறியாளர்கள் ஒரு காமெட்டின் அலுமினிய உடலை நீர்த்தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினார்கள். திறப்பு ஒன்றின் மூலையிலிருந்து தகடு கிழிந்தது.

மனிதர்களிலும் நிறம் மாறாதவர்கள் உண்டு. முகம் சுளிக்க மாட்டார்கள், குரல் உயர்த்த மாட்டார்கள், “பரவாயில்ல” என்பார்கள். வீட்டில் எல்லாரும் பாரத்தை அவர்கள் மேல்தான் ஏற்றுவோம். ஒருநாள் அற்ப விஷயத்துக்கு அவர்கள் உடைந்துபோனால், “இதுக்குப் போயா?” என்று கேட்போம். அந்த அற்ப விஷயம் கடைசியாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குக் கிணற்று முறைத் தண்ணீரில் தகராறு. ஊர்ப் பெரியவர்கள் பேசி, கோயில் பொங்கலன்று இருவரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தார்கள். அடுத்த கோடையில் சண்டை முன்னிலும் பெரிதாக வெடித்தது. தண்ணீர்ப் பங்குக்கு ஈடாகப் பணம் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். அப்போதுதான் அவர்களுடைய அத்தை தம்பியைத் தனியே கூப்பிட்டு, “எப்ப இருந்துடா அவன் மேல ஒனக்குக் கோவம்?” என்று கேட்டார்.

“அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒத்த ராத்திரி வந்து ஒக்காந்தானா? கேளு அத்த.”

அண்ணனோ அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தார். அம்மாவின் நிலைமையை யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்ற ஆற்றாமை அவருக்கு. தண்ணீர்ப் பேச்சுக்குள் அம்மாவின் பேச்சு இருந்தது ஊருக்குத் தெரியவில்லை. அன்று இருவரும் அழுது சண்டையிட்டார்கள். அதற்குப் பிறகுதான் முறைத் தண்ணீர் பற்றிப் பேச முடிந்தது.

அந்த விரிசலைப் பணத்தால் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அலுமினியப் படகில் செம்பு ஆணி அடித்தால் பார்வைக்கு உறுதியாகத்தான் தெரியும். உப்புத் தண்ணீர் பட்டதும் ஆணியைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப்போகும். படகுக்குப் போடும் ஒட்டு அதனோடு ஒத்துப்போகிற உலோகமாக இருக்க வேண்டும். பாசத்தில் விழுந்த விரிசலுக்கும் பணம் ஒட்டாகாது.

ஆகவே சமாதானம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைகுலுக்கவும் பந்தியில் உட்காரவும் அவசரப்படுத்தாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, “எப்போதிலிருந்து?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வி வலிக்கும், சில நேரம் புதிதாக ஒரு காயம் செய்துவிட்டதுபோலக்கூடத் தோன்றும். அதற்குப் பயந்து கேட்காமல் விடாதீர்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். சேர்த்துவைக்கும் வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.