கற்பனை நாடும் படைப்போர் பொறுப்பும்

மணலில் வீடு கட்டி விளையாடுவது எங்குமுள்ள சிறார் வழக்கம். சிலர் வீட்டோடு நில்லாது நாடொன்றையே அமைப்பர்; அதற்கு எல்லை, தலைநகர், அரசமரபு, இதழ்கள், போர் வரலாறு ஆகியவற்றையும் வகுப்பர். இவ்விளையாட்டை அறநோக்கில் ஆராய இடமுண்டோ எனின், இல்பொருளின்மீது அறம் செல்லாது என்பது பலரும் கூறும் எளிய விடை. நம் பிள்ளைத்தமிழ் மரபு அவ்விடையை முற்றும் ஏற்பதாகத் தெரியவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், தம் மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாவெனச் சிறுமியர் பாட்டுடைத் தலைவனிடம் இறைஞ்சுகின்றனர். விளையாட்டில் எழுந்த பொருளுக்கும் தீங்கு நேரலாம் என்பது அங்கு ஒப்புக்கொள்ளப்படுகிறது. அவ்விளையாட்டே பிறர்க்குத் தீங்காகுமோ என்பது அடுத்த வினா.

இதனை ஆராய்வதற்குப் பிராண்டே உடன்பிறப்பினரின் விளையாட்டு தக்க சான்றாகும். 1826 ஜூனில், இங்கிலாந்தின் ஹாவொர்த் ஊரில் மதகுருவாக இருந்த பேட்ரிக் பிராண்டே, லீட்ஸ் நகரிலிருந்து பன்னிரண்டு மரப் போர்வீரர் பொம்மைகளை மகன் பிரான்வெல்லுக்கு வாங்கி வந்தார். அப்போது மூத்தவளான சார்லட்டுக்கு வயது 10. இளையவளான ஆனுக்கு 6. பிரான்வெல், எமிலி உட்பட நால்வரும் ஆளுக்கொரு வீரனைத் தமதாக்கிப் பெயரிட்டனர். சார்லட்டின் வீரன் வெலிங்டன். பிரான்வெல்லின் வீரன் போனபார்ட். பன்னிருவரும் கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கிக் 'கண்ணாடி நகரம்' நிறுவினர் என்று கதை வளர்ந்தது. பிள்ளைகள் தம்மை அந்நாட்டின் காவல் தேவதைகளாகவும் கதையில் அமைத்துக்கொண்டனர். மாண்ட வீரரை உயிர்ப்பிக்கும் ஆற்றலும் அவர்கட்கு உண்டு. அந்நாட்டின் இதழ்களை உள்ளங்கையில் அடங்கும் ஏடுகளில், அச்செழுத்தை ஒத்த நுண்ணெழுத்தில் எழுதினர். 1830இல் சார்லட் தன் 14ஆம் வயதில் எழுதிய அத்தகைய ஏடு ஒன்றை, ஹாவொர்த்திலுள்ள அருங்காட்சியகம் 2019இல் பாரிஸ் ஏலத்தில் வாங்கியது.

இதுவரை வியப்பே. ஆனால் அந்நகரம் எழுந்த மண் கற்பனை மண்ணன்று. அசாந்தி மக்கள் மெய்யாகவே அப்பகுதியில் வாழ்ந்தவர். பொம்மைகள் வருவதற்கு ஈராண்டு முன்னர், 1824இல், ஆங்கிலேய ஆளுநர் சார்லஸ் மெக்கார்த்தி அவர்களோடு நிகழ்ந்த போரில் மாண்டார். பிள்ளைகளின் கதையில் அசாந்தியர் தோற்க வேண்டிய பகைவராகின்றனர். அவர்தம் மன்னன் மகன் குவாஷியா, தந்தை வீழ்ந்தபின் வெலிங்டனால் வளர்க்கப்படுகிறான். பின்னர் தன் மண்ணுக்காக வளர்த்தவர்க்கு எதிராகவே கிளர்ந்தெழுகிறான். அவன் சினத்துக்கு உரிய காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. எனினும் கதை அவனைக் கொடியவனாகவே நடத்துகிறது.

இதற்காகச் சிறாரைக் குற்றவாளிகளாக்குதல் என் கருத்தன்று. அவர்கள் ஆடியது பெரியோர் படித்த இதழ்களின் உலகை. ஆனால் விளையாட்டு என்ற ஒரே காரணத்தால் அது மாசற்றதாகிவிடாது என்பதை மறுத்தல் அரிது. நாடு படைப்பவர் மண்ணை எங்கிருந்தேனும் எடுத்தாக வேண்டும்.

எவர் மண்ணையும் எடுக்காத படைப்பாளியும் உண்டு. அமெரிக்க ஓவியர் டொனால்டு எவன்ஸ் (1945–1977) சிறுவயதில் அஞ்சல்தலை சேர்க்கும் பழக்கத்திலிருந்து, இல்லாத நாடுகளுக்கு அஞ்சல்தலை வரையத் தொடங்கினார். பின்னாளில் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு நீர்வண்ணத்தில் தீட்டினார். ஒரு நாட்டின் பெயர் பிரெஞ்சு மொழியில் நண்பரும் காதலரும் எனப் பொருள்படும். மற்றொன்றின் பெயர் உண்ணுதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல். நட்பும் சுவையும் நாடாவதற்கு எவரும் இடம்பெயர வேண்டியதில்லை. இதனைக் குறைந்த படைப்பு எனக் கருதுவாரும் இருக்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை.

எமிலியும் ஆனும் பின்னர்த் தனியே பிரிந்து, வட பசிபிக் கடலில் 'கோண்டல்' என்னும் தீவைப் படைத்தனர். மெய்யான மக்கள் எவரும் வாழாத தீவு அது. ஆயினும் கோண்டல் மக்கள் தென் பசிபிக்கில் வேறொரு தீவைக் கண்டறிந்து கைப்பற்றுகின்றனர்! மண் மாறினும் ஆளும் விழைவு மாறவில்லை. 1846இல் உடன்பிறந்த பெண்கள் மூவரும் தம் கவிதைகளை நூலாக்கியபோது, எமிலியின் பாடல்களிலிருந்து கோண்டல் பெயர்கள் நீக்கப்பட்டன. நாடு மறைந்தது, பிரிவும் சிறையும் துயரும் எஞ்சின. அகத்திணையில் ஒருவர் பெயர் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய நெறியை அறிந்தவர்க்கு இந்நீக்கம் இழப்பாகத் தோன்றாது.

சார்லட்டும் பிரான்வெல்லும் 1834இல் கண்ணாடி நகரத்துக்குக் கிழக்கே 'ஆங்கிரியா' என்னும் நாட்டை நிறுவியிருந்தனர். 1839ஐ ஒட்டி, அவ்வெப்ப நிலத்தை விட்டுச் சிறிது காலம் விலக விரும்புவதாகச் சார்லட் விடைபெற்று எழுதினார். நெடுநாள் பழகிய முகங்களைப் பிரியும் வருத்தம் அதில் உண்மையாகவே ஒலிக்கிறது. 1847இல் வெளிவந்த அவருடைய 'ஜேன் அயர்' இங்கிலாந்திலேயே நிகழும் கதை. அதன் மாளிகையின் மேல்தளத்தில், ஜமைக்காவிலிருந்து அழைத்து வரப்பட்ட பெர்த்தா மேசன் அடைபட்டிருக்கிறாள். தன் கதையைத் தானே சொல்ல அவளுக்கு ஒரு பக்கமும் தரப்படவில்லை.