இளமையை எடைபோடும் துலாக்கோல்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் அமைந்தது பத்து காவான். கரும்பும், பின்னர் ரப்பரும் செம்பனையும் விளைந்த அம்மண்ணில் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். 2000ஆம் ஆண்டில் அங்கே மாநில விளையாட்டரங்கம் எழுந்தது. தோட்டத்துப் பள்ளித் திடலுக்கும் அவ்வரங்கிற்கும் இடைப்பட்ட தொலைவு சிறிதே. ஆயினும் அதனைக் கடக்க ஒரு சிறுவனுக்குக் கால்வலிமை மட்டும் போதாது. அவனைத் தேர்ந்தெடுக்கும் மூத்தோரின் துணிவும் வேண்டும்.

திறமை ஒளிர்கிறது, நிலைத்தன்மை இல்லை. இத்தகைய இளைஞனை ஏற்பதா, விலக்குவதா? தேர்வாளர் முன் நிற்கும் இவ்வினா விளையாட்டைச் சார்ந்தது மட்டுமன்று, அறத்தைச் சார்ந்ததுமாகும்.

வட அமெரிக்கத் தேசியப் பனி ஹாக்கிக் கூட்டமைப்பில், ஆண்டுதோறும் குழுக்கள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கின்றன. 1993இல் அலெக்சாண்டர் டெய்க் முதலாமவராகத் தேர்வுபெற்றார். எதிர்பார்த்த உயரத்தை அவர் எட்டவில்லை. அடுத்து அழைக்கப்பெற்ற கிறிஸ் பிராங்கரோ 2015இல் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். 1998இல் 170 பேர் அழைக்கப்பெற்ற பின்னரே பாவெல் டட்சூக்கின் பெயர் ஒலித்தது. அவரும் பின்னாளில் தலைசிறந்த ஆட்டக்காரராக விளங்கினார்.

இங்கே ஓர் உண்மை புலனாகிறது. தகாதவனை ஏற்ற பிழையை ஊரே காணும். தக்கவனை விலக்கிய பிழையை எவரும் காணார். டட்சூக்கையும் ஒரு குழு அழைத்ததனாலன்றோ ஏனையோரின் பிழை வெளிப்பட்டது? அழைக்கப்படாமலே மறைந்தவர் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட ஏடு இல்லை. பழிக்கு அஞ்சும் தேர்வாளர், காணப்படாத பிழையையே மீண்டும் மீண்டும் செய்கிறார். அதற்கு 'எச்சரிக்கை' என்று பெயரும் சூட்டிக்கொள்கிறார்.

துணிவின் பயனை மலேசியா தன் மண்ணிலேயே, தன் இழப்பிலேயே கண்டது. 1975இல் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியின் அரையிறுதியில் மலேசியா இந்தியாவை 2-1 என முந்தி நின்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. அந்நிலையில் இந்திய அணிப் பொறுப்பாளர் பல்பீர் சிங், 21 வயதே நிரம்பிய மாற்று ஆட்டக்காரர் அஸ்லம் ஷேர் கானைக் களத்திற்கு அனுப்பினார். அவ்விளைஞர் பெனால்டி கார்னரைக் கோலாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா வென்றது. பின்னர்க் கிண்ணத்தையும் கைப்பற்றியது.

அந்த அடி குறி தவறியிருப்பின், பல்பீரின் தீர்ப்பு தவறாகிவிடுமா? ஆகாது. விளைவு மட்டுமே தீர்ப்பின் அளவுகோலாயின், சூதாட்டத்திற்கும் ஆராய்ச்சிக்கும் வேறுபாடு இராது. வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில் குணத்தையும் குற்றத்தையும் நாடி, மிகுந்ததைக் கொள்ளுமாறு பணிக்கிறார். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்றும் எச்சரிக்கிறார். இவற்றுள் பின்னதே பலரும் மறப்பது. முதற் பிழை கண்டவுடன் இளைஞனைக் கைவிடுபவர், அவனைத் தேர்ந்தெடுத்தவரல்லர். அவன்மீது பந்தயம் கட்டியவரே.

'இவனை எடுப்பது ஆபத்து' என்று கூறுவோர், அவ்வாபத்து யாருக்கு என்பதை எண்ணுவதில்லை. தேர்வாளருக்கு அடுத்த ஆண்டும் தேர்வு உண்டு. இளைஞனுக்கோ இளமை ஒருமுறையே. ஆகவே, துணிந்து ஏற்பவரின் கடமை ஏற்பதோடு முடிவதில்லை. அவன் தவறும்பொழுது திருத்தவும், தோற்பின் திரும்பிச் செல்லக் கல்வியோ தொழிலோ உறுதிசெய்யவும் வேண்டும்.

ஆசிரியர் ஒவ்வொருவரும் தேர்வாளரே. 'தேறமாட்டான்' என்று மதிப்பேட்டில் எழுதும் ஒரு சொல், திறக்கப்படாத கதவாகிறது. அக்கதவுக்கு அப்பால் இருந்தது யாதென்று பின்னர் எவரும் வினவுவதில்லை. எவரும் வினவாத இடத்தில் தன்னைத்தானே வினவிக்கொள்வதே அறம்.