பத்து நிமிடத்தில் நான் வராவிட்டால்

தொலைவில் இருக்கும் சர்வரைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான ஆபத்து உண்டு. உள்ளே இருந்துகொண்டே தம்மை வெளியே தள்ளிக்கொள்ளலாம். ஃபயர்வால் விதிகளை மாற்றும்போது எஸ்எஸ்ஹெச் என்ற தொலைவழி நுழைவுக்கான போர்ட் 22 விடுபட்டால் போதும். திறந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு சில நேரம் தாக்குப்பிடிக்கும். அதையும் மூடிவிட்டால் மறுபடி நுழைய முடியாது. இணையதளம் வழக்கம்போல் திறக்கும். பராமரிப்பவருக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கும். அதனால்தான் இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்க்காமல் பழைய இணைப்பை மூடாதே என்று புதிதாக வருபவர்களிடம் தலைப்பாடாகச் சொல்கிறோம்.

மாட்டிக்கொண்டால் மீள்வதற்கு வேறு பாதை வேண்டும். சர்வர் தரும் நிறுவனத்தின் கன்சோல் வழியே போகலாம். அது இயந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்து தட்டச்சு செய்வதற்குச் சமம். அதுவும் இல்லையென்றால் மீட்பு முறையில் வேறொரு இயங்குதளத்தை ஏற்றி, வட்டைத் திறந்து, தவறான வரியைத் திருத்தலாம். மாற்றுப் பாதையும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் காட்டியது. வழக்கமான பராமரிப்பில் கொடுத்த ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. அதைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை. பொறியாளர்களின் சொந்தக் கருவிகளும் சேர்ந்து முடங்கின. டேட்டா சென்டருக்கு நேரில் ஆள் அனுப்பினார்கள். யாரும் எளிதில் நுழைய முடியாதபடி கட்டிய இடம் என்பதால் அவர்களுக்கே உள்ளே போக நேரம் பிடித்தது. சுமார் ஆறு மணி நேரம் உலகம் வாட்ஸப் இல்லாமல் இருந்தது.

நாசா ஃபேஸ்புக்கைவிட முன்யோசனையோடு இருந்தது. 2023 ஜூலை 21 அன்று வாயேஜர் 2 விண்கலத்துக்குப் போன கட்டளை ஒன்று அதன் ஆன்டெனாவைப் பூமியிலிருந்து 2 டிகிரி விலக்கிவிட்டது. தூரம் சுமார் 1,990 கோடி கிலோமீட்டர். அங்கே ஆள் அனுப்ப முடியுமா? கான்பெராவிலிருந்து பலத்த சமிக்ஞையில் கட்டளை அனுப்பினார்கள். அது போய்ச் சேரப் பதினெட்டரை மணி நேரம், பதில் வர அதே அளவு. ஆகஸ்ட் 4 அன்று தொடர்பு திரும்பியது. அந்த முயற்சி தோற்றிருந்தாலும் அக்டோபர் 15 அன்று கலம் தானாகவே ஆன்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பியிருக்கும். ஆண்டுக்குப் பல முறை அப்படிச் செய்யும்படி அதற்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள்.

ஜூனிப்பர் ரௌட்டர்களில் உள்ள ‘கமிட் கன்ஃபர்ம்டு’ கட்டளையும் இந்த வகைதான். மாற்றம் உடனே அமலாகும். பத்து நிமிடத்துக்குள் நான் வந்து உறுதி செய்யாவிட்டால் ரௌட்டர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். என் மௌனத்தை அது சம்மதமாக எடுத்துக்கொள்ளாது. நிச்சயத்தோடு கட்டளையிடும் என்னைவிட, வழியடைபட்டு நிற்கப்போகும் என்னை நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

மனிதர்கள் போடும் சபதங்களுக்கு இப்படிக் கெடு கிடையாது. ‘இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன்’ என்பது அன்றைய கோபத்துக்கு வந்த வார்த்தை. கெடு இல்லாததால் தலைமுறை தாண்டியும் அமலில் இருக்கும். எங்கள் உறவில் அண்ணன் தம்பி இருவர் பாகப்பிரிவினையில் ஒரு வரப்புக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். சமாதானம் பேசப் போனவர்கள் எல்லாரும் திட்டு வாங்கித் திரும்பினார்கள். தாயார் இறந்தபோது இருவரும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டி வந்தது. பந்தல்காரருக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்பதுதான் முதல் பேச்சு. நல்லதற்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதற்கு அழைக்காமலே போக வேண்டும் என்று ஊர் வைத்திருக்கும் வழக்கம், கோபக்காரர்களைக் கேட்காமலே அவர்களை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அது முன்கூட்டியே சொல்லி வைத்த அக்டோபர் 15.

எல்லாக் கதவுக்கும் இந்த நியாயம் பொருந்தாது. அடித்து உதைத்த வீட்டிலிருந்து வெளியேறிய பெண்ணிடம் போய், திரும்பும் வழியைத் திறந்து வை என்று சொல்வது அயோக்கியத்தனம். கன்சோலின் கடவுச்சொல்லும் அப்படித்தான். கசிந்தால் திருடனுக்கும் அதே வழி. அதனால் பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் நகரத்தில் சாவு வீட்டுக்கே நேரில் போகாமல் குறுஞ்செய்தி அனுப்புகிற காலம் இது. ஊர் செய்த ஏற்பாட்டை இனி நாமேதான் செய்துகொள்ள வேண்டும். கோபம் இல்லாத ஒரு நாளில், ‘போதும், விடு’ என்று உங்களிடம் சொல்லும் உரிமையை ஒருவருக்குக் கொடுங்கள். யாருக்கு என்பது உங்கள் விருப்பம். அவரிடம் அதைச் சொல்லியும் வையுங்கள்.