நோட்டீஸின் அடியில் இருக்கும் பெயர்

தேர்தல் நேரத்தில் திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், கையில் நாலு நோட்டீஸாவது வந்து சேரும். தலைப்பைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், பிறகு அது கடலை மடிக்கப் போய்விடும். அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சகத்தின் பெயர், ஊர், வெளியிடுபவர், எத்தனை பிரதி. அதை யாரும் படிப்பதில்லை. புகார் என்று வந்துவிட்டால் முதலில் படிக்கப்படுவது அந்த வரிதான்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அந்த வரியைக் கட்டாயமாக்குகிறது. அச்சடிக்கக் கொடுப்பவர் கையெழுத்திட்டு உறுதிமொழி தரவேண்டும். அவரைத் தெரிந்த இரண்டு பேர் சான்று போடவேண்டும். அச்சகக்காரர் அதை நோட்டீஸின் பிரதியோடு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பவேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். நோட்டீஸை எழுதிய ஆள் இந்த வரிசையில் எங்குமே இல்லை. சுவரொட்டியாக இருந்தால் 'இவண்: ஊர்ப் பொதுமக்கள்' என்று போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

கருத்துச் சுதந்திரம் என்றதும் அரசு ஒரு பக்கம், பத்திரிகை ஒரு பக்கம் என்று நிறுத்தி வழக்காடுவதே பழக்கமாகிவிட்டது. பத்திரிகை என்பது ஒரே ஆள் அல்ல. எழுதுபவர் ஒருவர், காசு போடுபவர் ஒருவர், பெயர் கொடுப்பவர் ஒருவர், கொண்டுபோய்ச் சேர்ப்பவர் ஒருவர். சொன்னது ஒருவர், அடி வாங்குவது இன்னொருவர் என்றால், சொன்னவருக்கு அறத்தின்படி என்ன கடன் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு அரசமைப்புச் சட்டத்தில் பதில் இல்லை. 19ஆம் பிரிவு குடிமகனுக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. இது பத்திரிகைக்குள்ளேயே தீர்க்கவேண்டிய கணக்கு.

தமிழில் இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அதைப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை, ஏனென்றால் அது பாரதியார் சம்பந்தப்பட்டது.

1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழின் எழுத்து பாரதியுடையது, முதல் மண்டயம் திருமலாச்சாரியாருடையது. பதிவேட்டில் இருந்த பெயரோ எம். சீனிவாசன். அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன்னால் பெயர் கொடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்று 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் விதித்திருந்தது. அப்படிக் கொடுத்த கையெழுத்தே நீதிமன்றத்தில் முதல் சாட்சி. 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விழுந்தது. அடுத்த மாதமே போலீஸ் 'இந்தியா' அலுவலகத்துக்கு வந்தது. பதிவேட்டில் இருந்தவரைப் பிடித்துப் போனார்கள். எழுதியவர் புதுச்சேரி போய்ச் சேர்ந்தார், முதலாளியும் போய்ச் சேர்ந்தார். பத்திரிகையும் அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்து மறுபடி வெளிவரத் தொடங்கியது. சீனிவாசனுக்கு ஐந்து ஆண்டு தண்டனை.

பாரதி போனது நண்பர்களின் வற்புறுத்தலால் என்பார்கள். இருக்கலாம். அவர் சிறைக்குப் போயிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்றும் கேட்பார்கள். வலுவான கேள்விதான். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் புதுச்சேரியில் பிறந்தவை. செக்கிழுத்த உடம்பு என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்கு வ.உ.சி.யே சாட்சி. ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. குயில் பாட்டு வரப்போகிறது என்பது 1908இல் யாருக்கும் தெரியாது, சீனிவாசனுக்கும் தெரியாது. பின்னால் விளைந்த நன்மையைக் காட்டி முன்னால் பட்ட கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது. விளைச்சல் நன்றாக இருந்தது என்பதால் விதைநெல் கொடுத்தவருக்குப் பாக்கி இல்லை என்று எந்தக் களத்துமேட்டிலும் சொல்லமாட்டார்கள்.

பாரதியும் தப்பித்தே போய்விடவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1918 நவம்பர் 20ஆம் தேதி, பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் பிடிபட்டார். அடைக்கப்பட்ட இடம் கடலூர். இன்று திட்டக்குடிக்காரர்கள் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகிற அதே கடலூர். அங்கிருந்து கவர்னர் பென்ட்லண்டுக்கு விண்ணப்பம் எழுதினார்: அரசியலை விட்டாயிற்று, இனி அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று. 36 வயது நிறைந்த டிசம்பர் 11ஆம் தேதி அந்தச் சிறையில்தான் கழிந்தது. 14ஆம் தேதி நிபந்தனைகளோடு வெளியே விட்டார்கள். அந்த விண்ணப்பத்தைக் காட்டி அவரைக் கோழை என்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. தன் உடம்புக்காக ஒருவர் பணிந்து போவதைச் சிறைக்கு வெளியே இருந்துகொண்டு அளக்கக் கூடாது. பாரதியிடம் கேட்கத்தக்கது 1918 பற்றிய கேள்வி அல்ல, 1908 பற்றிய கேள்விதான். தன் சொல்லுக்காக இன்னொரு உடம்பு உள்ளே போனதைப் பற்றிய கேள்வி அது. முதல் கேள்வியில் அவருக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவதில் பாக்கி இருக்கிறது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 1987. ஆனந்த விகடன் அட்டையில், மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று அடையாளம் சொல்கிற ஒரு ஜோக் வந்தது. பிக்பாக்கெட் மாதிரி ஒருவர், முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி ஒருவர். சட்டமன்றம் கொதித்தது. சபாநாயகர் பி.எச். பாண்டியன் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4ஆம் தேதி மூன்று மாதக் கடுங்காவல். வழக்கு இல்லை, வாதம் இல்லை. 194ஆம் பிரிவு தரும் உரிமையைக் கொண்டு அவையே தண்டித்தது. நாடு முழுக்க எதிர்ப்பு எழ, இரண்டே நாளில் விட்டுவிட்டார்கள். பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இழப்பீட்டைவிட இங்கே முக்கியம், உள்ளே போனவர் யார் என்பதுதான். படம் போட்டவர் போகவில்லை, அச்சுக் கோத்தவர் போகவில்லை. பெயரும் அதிகாரமும் இலாபமும் யாரிடம் இருந்தனவோ அவரே போனார்.

அவருக்கு அது எளிது என்று சொல்லத் தோன்றும். உண்மைதான். விகடன் ஆசிரியர் சிறைக்குப் போனால் தமிழ்நாடே கேட்கும். எளிது என்பதனால்தான் அது அவர் கடமை. சுமக்க வலு உள்ளவன் மூட்டையை எடுக்கவேண்டும் என்பதற்கு மேல் இதில் தத்துவம் ஒன்றுமில்லை.

இதை மறுபடி திட்டக்குடிக்குக் கொண்டுவந்தால்தான் கூர்மை தெரியும். தாலுகா நிருபர் என்றொரு வேலை இருக்கிறது. சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. செய்திக்கு இவ்வளவு, விளம்பரம் பிடித்தால் கமிஷன். பைக், செல்போன், ஓர் அடையாள அட்டை. வெள்ளாற்றில் இரவில் மணல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் படம் எடுத்து நாலு பத்தி எழுதி அனுப்புகிறார், ஜாக்கிரதையாக, 'கூறப்படுகிறது' சேர்த்து. தலைமை அலுவலகத்தில் அந்தக் 'கூறப்படுகிறது' இடம் போதாமல் விழுந்துவிடும். தலைப்பில் கொஞ்சம் மிளகாய்த் தூள் ஏறும். காலையில் பேப்பர் ஊருக்கு வரும்போது அந்தத் தலைப்பு யார் போட்டது என்று மணல்காரர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. நிருபரின் வீடு தெரியும். பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியும். ஆசிரியர் குழு திருச்சியிலோ சென்னையிலோ 'துணிச்சலான செய்தி' என்று பாராட்டிக்கொள்ளும். துணிச்சல் யாருடையது? தலைப்புப் போட்டவருக்குத் துணிச்சல் தேவையே படவில்லை.

அதனால் செய்தி வரக்கூடாது என்றாகாது. அது மணல்காரர்களின் வாதம். தலைப்பை மாற்றுகிறவர் ஒரு போன் போட்டுக் கேட்கலாம்: 'இப்படிப் போடப்போகிறோம், உங்களுக்குத் தாங்குமா?' ஆபத்து என்று தெரிந்த செய்தியைத் தலைமை அலுவலகமே தன் பெயரில் வெளியிடலாம். வழக்கு வந்தால் வக்கீல் வைக்கலாம். 'அவர் எங்கள் ஊழியர் இல்லை, பகுதி நேரம்தான்' என்று கடிதம் கொடுக்காமலாவது இருக்கலாம். அப்படி ஒரு கடிதம் எழுதுகிற பத்திரிகை, அதே வாரம் பத்திரிகைச் சுதந்திரம் பற்றித் தலையங்கம் எழுதினால் அந்தத் தலையங்கத்துக்கு மதிப்பு காலணாதான்.

கொண்டுபோய்ச் சேர்ப்பவரின் இடம் சட்டத்தில் சின்னதாக இருந்ததில்லை. 1950 மார்ச்சில் 'கிராஸ்ரோட்ஸ்' என்ற பம்பாய் இடதுசாரி வார இதழ் தங்கள் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று சென்னை அரசு தடை போட்டது. ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். மே 26ஆம் தேதி வந்த தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. எழுதும் உரிமைக்குள்ளேயே பரப்பும் உரிமையும் அடக்கம், பரவாத எழுத்துக்கு அச்சேறியும் பயனில்லை என்பது அதன் சாரம். மறு ஆண்டே முதல் திருத்தம் வந்து பொது ஒழுங்கின் பெயரால் கட்டுப்பாடு போட்டார்கள் என்பது வேறு கதை. கடையில் தொங்கவிடுபவரும் சைக்கிளில் போடுபவரும் தாலுகா நிருபரும் பத்திரிகைக்கு வெளியே நிற்கிற கூலிகள் இல்லை, அந்தச் சுதந்திரத்தின் பங்காளிகள் என்பதற்கு அந்தத் தீர்ப்பு போதும். பங்காளிக்கு இலாபத்தில் பங்கு இல்லாவிட்டாலும், முடிவு எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்கப்படும் உரிமையாவது வேண்டும்.

ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது. அப்படியானால் மொட்டைக் கடுதாசி எழுதுபவன் எல்லாம் அயோக்கியனா? இல்லவே இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் நூறுநாள் வேலைக் கணக்கில் நடக்கும் தில்லுமுல்லைப் பார்த்த கடைநிலை ஊழியர், பெயர் போட்டு எழுதினால் மறுநாள் வேலை இருக்காது. அவர் பெயரை மறைப்பது தற்காப்பு. அவருக்குப் பதிலாக யாரும் பிடிபடப்போவதில்லை என்கிற வரையில் அதில் குற்றம் இல்லை. ஒளிந்துகொள்வது வேறு, இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வேறு. மொட்டை மனுவை எழுதிவிட்டு அதில் பக்கத்து மேஜைக்காரரின் கையெழுத்து மாதிரியைப் போட்டால்தான் அது அயோக்கியத்தனம். பெயர் தருபவர் விஷயம் தெரிந்து, விளைவு தெரிந்து தந்தாரா என்பதுதான் உரைகல். 'இந்தியா'வுக்குப் பெயர் கொடுத்தபோது சீனிவாசனுக்கு என்னவெல்லாம் சொல்லப்பட்டது? அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாரதியின் பாக்கி குறையக்கூடும், கூடவும் கூடும்.

பள்ளிக்கூடத்தில் 'பாரதியார் புதுச்சேரி சென்றார்' என்று ஒரு வரி சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆசிரியர்கள் அதற்கு அடுத்து, 'இந்தியா' இதழுக்குப் பெயர் கொடுத்த சீனிவாசனுக்கு ஐந்து ஆண்டு சிறை என்று இன்னொரு வரி சேர்த்துச் சொல்லலாம். நேரம் அதிகம் பிடிக்காது.